பைத்தியக்காரி சிரிக்கிற காட்சி

என் மகள் ஆரணியும் அவளுடைய சிநேகிதிகள் இருவரும் குறும்படம் எடுக்கப்போகிறார்கள். மனச்சிதைவு நோய் வந்த ஒரு தாயின் கதை. போன கிழமை எழுதிய தாள்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "அம்மா, வாசிச்சிட்டுப் பிழை இருந்தால் சொல்லுங்கோ" என்றாள். பதினோராவது காட்சியில் அந்தத் தாய் தலைவிரி கோலமாகக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கையில் கத்தி, பக்கத்தில் குழந்தை. அதற்குக் கீழே எழுதியிருந்தது: பைத்தியக்காரி சிரிக்கிறாள்.

எழுதியது ஆரணி இல்லை, கூட்டாளி ஒருத்தி. நல்ல பிள்ளை, எங்கள் வீட்டில் உரிமையோடு சோறு போட்டுத் தின்கிறவள். அந்த நோய் எனக்கும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொன்னேன். சொன்னதும் அவள் முகம் வெளிறிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பணிஸ் தின்றாள், அதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறேன். வாயால் சொன்னால் நான் பாதியில் கோபித்துக்கொண்டு எழும்பிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். பிள்ளைகளே, இது அதுதான்.

எனக்கு நோய் வந்த நாட்களில் என் கணவர் செல்வம் திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு டிவிடி கடை வைத்திருந்தார். வீடு இதே லிங்கநகர் வீடுதான். நான், அவர், நாலு வயது ஆரணி, அவருடைய அக்கா ராணி என்று நாலு பேர். ராணி மச்சாள் கலியாணம் கட்டாதவர். கடைக்கு வருகிற ஒவ்வொரு தட்டையும் போட்டுப் பார்த்து, கீறல் இருக்கிறதா என்று சோதிப்பது அவருடைய வேலை. அவர் கீறலைப் பார்த்ததைவிடக் கதையைப் பார்த்ததுதான் அதிகம். படத்தில் ஒருத்தி இருமினாலே, "இவள் இடைவேளைக்குள்ள செத்துப்போவாள்" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அந்தக் கடையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் இளகிவிடும். வெயிலில் சூடான பிளாஸ்டிக் உறைகளின் மணம், வெள்ளிக்கிழமைகளில் கிண்ணியாவிலிருந்து வந்து நாலு படம் சேர்த்து வாங்கிப்போகிற குடும்பங்கள், படத்தைத் திருப்பித் தரும்போது கதையையும் சேர்த்துத் திட்டுகிற ஓட்டோக்காரர்கள். பின்னேரங்களில் நான் கடையில் நிற்பேன். ஆரணி மேசைக்குக் கீழே உறைகளை அடுக்கி வீடு கட்டுவாள். அதைவிடச் சந்தோஷமான இடம் ஒன்று எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை.

இருபத்தாறு வயதில் எனக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. இரண்டு ஆண்கள். என்னோடு பேசவில்லை, என்னைப் பற்றித் தங்களுக்குள் கதைத்தார்கள். "இப்ப கறிவேப்பிலை உருவுறாள்." "ஓம், இனி உப்புப் போடுவாள்." கிரிக்கெட் வர்ணனை மாதிரி. முதலில் பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தேன். பிறகு துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் அது எனக்காகத்தான் ஊதுகிறது என்று தோன்றியது. கடையில் உறைகளில் இருக்கிற நடிகர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அத்தனை உறைகளையும் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

செல்வம் வந்து பார்த்தார். "என்ன வதனி, கரப்பான் மருந்து அடிக்கப்போறீரோ?"

"ஓம்" என்றேன். அவர் நம்பிவிட்டார். மருந்தும் வாங்கிவந்து அடித்தார்.

யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பைத்தியம் எப்படி இருக்கும் என்று தெரியும். கடை முழுக்கப் பைத்தியங்கள் அல்லவா? அவை சிரிக்கும், கல்லெறியும், சட்டையைக் கிழிக்கும், பாட்டுக் கேட்டால் ஆடும். நான் ஒன்றும் செய்யவில்லை. தலையை விரிக்கவும் இல்லை. விரித்த முடி வழியாக அந்த ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்று பயந்து, ஒரு மயிர்கூட வெளியே நீளாதபடி இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தேன். குளிப்பது குறைந்தது, பேச்சு குறைந்தது, சோறு குறைந்தது. "பைத்தியம் எண்டால் எனக்குத் தெரியாதே? எத்தினை படம் பார்த்தனான்! நீர் ஒருநாளும் அப்பிடி இருக்கேல்லை" என்று ராணி மச்சாள் பிற்காலத்தில் தன்னை நியாயப்படுத்திக்கொண்டார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

நான் மூன்று நாள் தண்ணீரும் குடிக்காமல் இருந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் சோதித்தார்கள், தைரொயிட் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக இருந்தது. செல்வத்துக்கு அது ஏமாற்றம். ஒரு கட்டியோ அடைப்போ இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தார். மனநல வாட்டின் டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, நன்றாகத் தமிழ் பேசுவார். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவர்கள் இப்பவும் கதைக்கிறார்களா?" என்று கேட்டார். "ஓம், உங்கள் சப்பாத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள்" என்றேன். அவர் குனிந்து சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் பிடிக்கவில்லைதான்" என்றார். அன்றைக்கே அவரை நம்ப முடிவு செய்தேன்.

நோயின் பெயர் மனச்சிதைவு. அதைக் கேட்டதும் செல்வம், "அப்ப இவவுக்குள்ள இன்னொரு ஆள் இருக்கோ டொக்டர்?" என்றார். அப்படியொரு படம் கடையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு உடம்புக்குள் இரண்டு பேர் இருப்பது இந்த நோய் இல்லை என்று டொக்டர் விளக்கினார். மூளை தானே உண்டாக்குகிற சத்தத்தை வெளியிலிருந்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. சம்பந்தமில்லாத இரண்டு விஷயத்துக்கு இடையில் சம்பந்தம் இருப்பதாக அடித்துச் சொல்கிறது. மெல்ல மெல்ல எதிலும் விருப்பம் வற்றிப்போகிறது. யார் செய்த பாவமும் இல்லை. மருந்து எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குக் குரல்கள் அடங்கும், ஆனால் நாளாகும். செல்வம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விளங்கியது பாதிதான் என்பது பிறகு தெரிந்தது.

வாட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா ஹாஜராக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நெல் வியாபாரியின் மனைவி, மூன்றாவது தடவையாக வந்திருந்தார். எந்தத் தேத்தண்ணியில் சீனி அதிகம், எந்த நர்ஸ் மிஸ்ஸிடம் இரண்டாவது தலையணை கேட்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய வீட்டார் புதன்கிழமைகளில் வட்டிலப்பம் கொண்டுவருவார்கள். அதை அவர் பல்லுக் குத்தும் குச்சியால் அளந்து எட்டுப் பேருக்கு வெட்டுவார், கத்திக்கு உள்ளே அனுமதி இல்லை.

அவருக்கு மின்சாரம் வைப்பார்கள் என்று கேட்டதும் நான் நடுங்கிப்போனேன். படங்களில் அதைப் பார்த்திருக்கிறேன். கட்டிலில் கட்டிவைத்து, வாயில் துணி அடைத்து, ஆள் துள்ளித் துடிக்க, வெளியே தாய் கண்ணாடியில் அடித்து அழுவாள். ஹாஜராக்காவை விடியக் கூட்டிப்போனார்கள். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, சில விநாடிதான் வைத்தார்களாம். அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். கண் விழித்ததும், "எனக்கு வச்ச தேத்தண்ணிய யாரு குடிச்ச?" என்று கேட்டார். நான்தான் குடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரில் உயரத்தில் இருந்த டிவியில் படம் போடுவார்கள். ஒருநாள் படத்தில் ஒரு பைத்தியக்காரன் வந்தான். கிழிந்த கோட்டு, கழுத்தில் செருப்பு மாலை, தெருப் பிள்ளைகள் கல்லெறிய அவன் ஆடிக்கொண்டு போகிறான். மிஸ் பதறிப்போய் ரிமோட்டைத் தேடினார். எங்களுக்குச் சங்கடமாக இருக்குமாம். ஹாஜராக்கா கையைக் கன்னத்தில் வைத்துக் கவனமாகப் பார்த்துவிட்டு, "பாவம், இவன் மருந்து குடிக்கல்ல போல" என்றார்.

"மாச ஊசியும் தப்பிட்டுதாக்கும்" என்றாள் மூலைக் கட்டில் பெண். அவள் அந்தக் கிழமை முழுவதும் வாய் திறக்காதவள். வாட்டே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். நான் அந்த நோயில் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான், அதற்கும் பைத்தியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பின்னேரங்களில் நான் எல்லோருக்கும் தலை பின்னிவிட்டேன். மருந்தால் என் கைகள் நடுங்கின, கழுத்து விறைத்தது, வாயில் எச்சில் ஊறியது. விறைப்புக்கு வேறொரு சின்னக் குளிசை தந்தார்கள். ஆனாலும் பின்னல் மட்டும் கைக்கு மறக்கவில்லை. யன்னலுக்கு வெளியே கடல் காற்று அடிக்கும், கட்டில்களில் வரிசையாகப் பெண்கள் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். வீட்டுக்குப் போக எவ்வளவு துடித்தேனோ, அவ்வளவு அந்தப் பின்னேரங்களுக்காக இன்றைக்கு ஏங்குகிறேன். படமெடுக்கிறவர்கள் ஒருவரும் இதை எடுக்கவில்லை.

நாலாம் கிழமை குரல்கள் முணுமுணுப்பாகக் குறைந்தன. நாலு நாள் லீவில் வீட்டுக்கு விட்டார்கள். அங்கேதான் வினை வந்தது.

செல்வமும் ராணி மச்சாளும் ஏற்கெனவே ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். எந்தப் படத்திலும் புத்தி பேதலித்தவள் கடைசி ரீலில் பழைய சம்பவம் ஒன்றைத் திரும்பப் பார்ப்பாள். தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்துவாள். எல்லாம் சரியாகிவிடும். எங்கள் பழைய சம்பவம் கிண்ணியாப் பாதையில் நடந்தது. பாலம் கட்டுவதற்கு முந்தி ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரை சேர்த்த பெரிய மிதவையைத்தான் பாதை என்போம். நான் கிண்ணியாவுக்குத் தையல் வகுப்புக்குப் போய்வந்த காலம். ஒரு மழைநாளில் கசெட் பெட்டியோடு நின்ற செல்வம், "தங்கச்சி, இந்தக் குடையை ஒருக்காப் பிடிக்கிறீங்களோ? பெட்டி நனையுது" என்றார். நான் நனைவது அவருக்குத் தெரியவில்லை. அப்படித் தொடங்கியதுதான் எங்கள் காதல்.

பாதை இப்போது இல்லையே, அதனால் தெரிந்த மீன்பிடிக்காரர் ஒருவரின் தோணியை ஒழுங்குபண்ணினார்கள். கொளுத்துகிற வெயிலில் செல்வம் அதே கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்து உள்ளே இழுத்தபடி, பெட்டியும் குடையுமாக என்முன் உட்கார்ந்தார். கரையில் ராணி மச்சாள் ஆரணியைத் தூக்கிக்கொண்டு கண் இமைக்காமல் நின்றார்.

"தங்கச்சி, இந்தக் குடையை ஒருக்காப் பிடிக்கிறீங்களோ?" குடையை என் பக்கம் நீட்டினார். "பெட்டி நனையுது."

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நான் எதையும் மறக்கவே இல்லை. மறதி வேறு நோய் என்பதை அவர்களுடைய படங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரைப் பார்க்க எனக்கு அழுகையும் அன்பும் சேர்ந்து வந்தது. ஆனால் முகம் விறைத்திருந்ததால் ஒன்றும் வெளியே தெரியவில்லை. "இஞ்சாருங்கோ, சட்டைப் பொத்தான் தெறிச்சிட்டுது" என்று மட்டும் சொன்னேன். அவர் குடையை மடக்கிவிட்டு விம்மி விம்மி அழுதார். தோணிக்காரர் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இது மட்டும் என்றால் இன்றைக்குச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். அவர்கள் இன்னொன்றும் செய்திருந்தார்கள். குளிசை குடித்தால் நான் மந்தமாக இருக்கிறேன், மந்தமாக இருந்தால் சம்பவம் உள்ளே இறங்காது என்று, மூன்று நாளாக எனக்குக் குளிசை தரவில்லை. அது ராணி மச்சாளுடைய யோசனை. என் சுகத்துக்காகத்தான் செய்தார்.

அன்று பின்னேரம் வீட்டு முற்றத்தில் ஆரணிக்கு மாங்காய் அரிந்துகொண்டிருந்தேன். அவள் உப்பும் மிளகாய்த் தூளும் கலந்த தட்டை ஏந்திக்கொண்டு எனக்கு முன்னால் குந்தியிருந்தாள். அந்த இரண்டு ஆண்களும் திரும்பி வந்துவிட்டார்கள். "மாங்காய் அரியிறாள்." "வடிவா அரியத் தெரியாது." எரிச்சலில் நான் வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ராணி மச்சாள் கதவைத் திறந்து வெளியே வந்தார். கத்தி, குழந்தை, முணுமுணுக்கிற நான். அந்தக் காட்சியை அவர் நூறு தடவை பார்த்திருக்கிறார், அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும். "ஐயோ, பிள்ளை!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து ஆரணியை இழுத்தார். தட்டு விழுந்து உடைந்தது. ஆரணி பயந்து வீரிட்டாள். நான் கையில் பாதி அரிந்த மாங்காயோடு நின்றேன்.

மறுநாள் திரும்பவும் வாட்டுக்குப் போனேன். செல்வம் எல்லாவற்றையும் டொக்டரிடம் ஒப்புக்கொண்டார். டொக்டர் கத்தவில்லை. "படத்தில் இரண்டரை மணித்தியாலத்துக்குள் சுகப்படுத்த வேண்டும். எனக்கு அந்த அவசரம் இல்லை. உங்களுக்கும் வேண்டாம்" என்றார். அதன்பிறகு செல்வம் ஒருவேளைக் குளிசையைக்கூடத் தவறவிட்டதில்லை. மனம் நொந்துபோய் அந்தச் சட்டையையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தபோது குரல்கள் இல்லை. குசினியில் கத்தியும் இல்லை. அருவாமணை, கத்தரிக்கோல் ஒன்றும் இல்லை. எல்லாம் ராணி மச்சாளின் அலுமாரிக்குள். மரக்கறியை அவர் தன் அறைக்குள் வைத்து அரிந்து, அரிந்ததாகக் கொண்டுவந்து தருவார். ஆரணி அவரோடுதான் படுத்தாள், அவரோடுதான் குளித்தாள். நானும் பிள்ளையும் ஒரே அறையில் இருந்தால் அவருக்கும் அங்கே ஏதாவது வேலை வந்துவிடும். ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நான் பயிற்றங்காயை விரலால் முறித்துப்போட்டுக் கறி வைத்தேன்.

எனக்குப் பயமாக இருந்தது. நோய் திரும்ப வருமோ என்று இல்லை. ஆரணிக்கு என்னைப் பயப்படப் பழக்கிவிடுவார்களோ என்று பயந்தேன். அவள் என்னிடம் வருவதற்கு முன் தன் ராணி மாமியின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அந்த ஒரு பார்வை எனக்கு எல்லா ஊசிகளையும்விட வலித்தது.

ஒரு மாதம் கிளினிக் நாளில் செல்வம் கடைக்குப் படங்கள் வாங்கக் கொழும்புக்குப் போய்விட்டார். கிளினிக்குக்கு ராணி மச்சாள்தான் என்னோடு வரவேண்டியதாகிவிட்டது. என் கிளினிக் கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து அதை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஆட்கள் வரிசையாக இருந்த நீள வாங்கின் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஒரு ரீச்சர் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். மற்றப் பக்கம் ஒரு மீன் வியாபாரி, அறுக்குளா விலை ஏறியதைப் பற்றிக் குறைப்பட்டார். முன்னால் கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை போனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். ஒரு மணித்தியாலம் போனது. ராணி மச்சாள் மெல்ல என் காதுக்குள் கேட்டார்.

"வதனி, பைத்தியக்காரரை எல்லாம் எந்தப் பக்கம் வச்சிருக்கினம்?"

அந்த நேரம் பார்த்துத் தன் ஊசிக்கு வந்திருந்த ஹாஜராக்கா பின்வரிசை வாங்கிலிருந்து எட்டிச் சொன்னார். "நீங்க அவங்களுக்கு நடுவுலதான் குந்தி இரிக்கீங்க, ராணி!"

ரீச்சர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மீன் வியாபாரி தள்ளி உட்கார்ந்து, "வசதியா இருங்கோ அக்கா" என்றார். ராணி மச்சாளுடைய முகம் போன போக்கை என்னால் எழுத ஏலாது. ஒவ்வொருவரையும் திரும்பவும் முதலில் இருந்து பார்த்தார். ரீச்சரின் சிவப்புப் பேனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வெகுநேரம்.  வீட்டுக்கு வரும் வழியில் சந்தைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய் ஏதோ வாங்கிவந்தார்.

பின்னேரம் நான் முற்றத்தில் இருந்தேன். ஆரணி சுவரோரம் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். ராணி மச்சாள் வந்து வாங்கில் ஒரு மாங்காயை வைத்தார். பக்கத்தில் உப்பும் தூளும் கலந்த தட்டு. பிறகு சீலைத் தலைப்புக்குள்ளிருந்து கத்தியை எடுத்து, பிடிப் பக்கம் என்னைப் பார்க்க நீட்டினார்.

"அண்டைக்குப் பாதியில விட்டது. பிள்ளைக்கு அரிஞ்சு குடும்."

அவருடைய கை நடுங்கியது. எனக்கும் நடுங்கியது, என்னுடையது மருந்தால். ஆரணி வழக்கம்போல மாமியின் முகத்தைப் பார்த்தாள். ராணி மச்சாள் திரும்பினார். கேற்றைத் திறந்துகொண்டு வெளியே போய், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மீன் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆரணி கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்து குந்தி, தட்டை ஏந்தினாள்.

படமெடுக்கிற பிள்ளைகளே, உங்கள் பதினோராவது காட்சியில் கத்தி இருக்கட்டும், குழந்தையும் இருக்கட்டும். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டிவிடுங்கள். "கடைசியில அன்டி சுகமாகிற காட்சி எது?" என்று ஒருத்தி கேட்டாள். அப்படி ஒன்று இல்லை. அன்றைக்கு மாங்காய் முடிந்ததும் கை கழுவிவிட்டுக் குளிசை குடித்தேன். நேற்றும் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கமெராவைக் கொண்டு வாருங்கள். ராணி மச்சாள் இப்போதே எந்தச் சீலை கட்டுவது என்று தொடங்கிவிட்டார். மாங்காய் வாங்கிவைக்கிறேன். மட்டைக் கத்தி ஒன்றும் செய்து மினக்கெட வேண்டாம். எங்கள் கத்தி குசினி யன்னலுக்குப் பக்கத்து ஆணியில் எல்லோருக்கும் எட்டுகிற உயரத்தில் தொங்குகிறது.